கனமானது இறங்குவதால்தான் இலேசானது ஏறுகிறது: நீர், காற்று, பாறை மூன்றிலும் வெப்பச்சலனத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

"சூடான காற்று மேலே போகும்" என்ற வரியை நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் வயதில் கேட்டாலும் அதே வரிதான் வரும். ஏன் போகிறது என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். பினாங்கில் இருக்கும் நமக்கு இதற்கான விடை கண்ணெதிரிலேயே கிடக்கிறது. மதியத்துக்குப் பிறகு கொடிமலை மேல் திரளும் மேகமும், பத்து ஃபெரிங்கி கடற்கரையின் கருங்கல் பாறைகளும், 2004 டிசம்பரில் வந்த சுனாமியும் ஒரே விதியின் வேலைகள்.

அந்த விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்பத்துக்கு மேலே போகும் குணம் எதுவும் கிடையாது. இரும்புக் கம்பி ஒன்றின் மேல்முனையைச் சுட்டால் வெப்பம் கீழ்நோக்கியும் பரவத்தான் செய்யும். பொருளே ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் வெப்பச்சலனம்; அதில் மேலே போவது சூடான பொருள். அதுவும் தானாக ஏறுவதில்லை. சூடானதும் பொருள் விரிகிறது, ஒரே கன அளவில் அதன் நிறை குறைகிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த, கனமான பகுதியைப் பூமி இன்னும் பலமாக இழுக்கிறது. கனமானது இறங்கி அடியில் நுழைகிறது, இலேசானது மேலே தள்ளப்படுகிறது. ஈர்ப்பின் இழுப்பு உணரப்படாத இடத்தில் இது நடக்கவே நடக்காது. விண்வெளி நிலையத்தில் எரியும் சுடர் மேல்நோக்கி நீளாமல் உருண்டையாக நிற்பது அதனால்தான்.

எந்தச் சூழலைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடர்த்தி வேறுபாடு எவ்வளவு? கனமானது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? அந்தப் பொருளால் ஓட முடியுமா, ஓடுவதற்கு நேரம் இருக்கிறதா? இனி வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றைத்தான் சோதிக்கின்றன.

முதல் படி: எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு கன மீட்டருக்கான நிறை.

நன்னீர்: 4 டிகிரி செல்சியஸில் 1000 கிலோ, 28 டிகிரியில் 996.2 கிலோ, 60 டிகிரியில் 983 கிலோ.
லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த நீர்: 28 டிகிரியில் சுமார் 1022 கிலோ.
உலர்ந்த காற்று: 24 டிகிரியில் 1.19 கிலோ, 33 டிகிரியில் 1.15 கிலோ.
கருங்கல்: சுமார் 2650 கிலோ.
பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசப் பாறை, அதன் மேல் பகுதியில்: சுமார் 3300 கிலோ.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, நீரின் வேறுபாடு எவ்வளவு சின்னது என்பது. 24 டிகிரி சூடேறியும் அரை சதவீதம்கூடக் குறையவில்லை. காற்றோ வெறும் 9 டிகிரிக்கே 3 சதவீதம் இலேசாகிவிடுகிறது. இரண்டாவது, வெப்பத்தைவிட உப்பு பலமானது. இந்த இரண்டாவது விஷயத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி: சங்குப்பூ ஐஸ் சோதனை

பள்ளி ஆய்வுக்கூடம் தேவையில்லை. நியோன்யா பலகாரத்துக்கு நீல நிறம் தரும் அதே சங்குப்பூ போதும். காய்ந்த பூவை வெந்நீரில் போட்டு, அடர் நீலமாக இறங்கியதும் வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி இரவு முழுக்க உறைய விடுங்கள். நிறம் நன்றாக அடர்த்தியாக இருக்க வேண்டும். நீர் உறையும்போது கரைந்திருக்கும் பொருள்களை நடுப்பக்கம் தள்ளிவிடும். ஆகவே கட்டியின் ஓரம் வெளுத்துப்போய், முதலில் உருகி வரும் நீர் நிறமில்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் நீலம் தெரியத் தொடங்கும்.

ஒரே அளவுள்ள இரண்டு உயரமான கண்ணாடிக் குவளைகளை எடுங்கள். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற கணக்கில் உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டையும் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நீர் அடங்கவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது பழைய சுழற்சியாக இருக்கும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீல ஐஸ்கட்டியை மெதுவாக மிதக்க விடுங்கள்.

போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் எது முதலில் கரையும் என்று கேட்டுவிடுங்கள். உப்பு ஐஸை உருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் உப்புத் தண்ணீரைக் காட்டுவார்கள்.

நடப்பது நேர்மாறு. நன்னீர்க் குவளையில் நீல இழைகள் கட்டியின் அடியிலிருந்து நழுவி நேராகக் கீழே இறங்கும். உருகிய நீர் 1000 கிலோ பக்கம், சுற்றியுள்ள நீர் 996. வேறுபாடு 4 கிலோதான் என்றாலும் அது போதும். குளிர்ந்த நீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் வந்து ஐஸைத் தொட்டுக்கொண்டே இருக்கும். உப்புக் குவளையில் உருகிய நன்னீரின் 1000 கிலோ, சுற்றியுள்ள 1022 கிலோவுக்கு முன்னால் இலேசு. எவ்வளவு குளிர்ந்தாலும் அதனால் இறங்க முடியாது. நீலப் பட்டை ஒன்று மேலேயே தங்கி, ஐஸ் தன் குளிர்ந்த நீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீர் அதை நெருங்காது. ஆகவே உப்புத் தண்ணீரில் கட்டி அதிக நேரம் தாங்கும்.

இப்போது உப்புக் குவளையை ஒரு கரண்டியால் கலக்குங்கள். மீதி ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும். ஆக, கரைவதைத் தாமதப்படுத்தியது உப்பின் ரசாயனக் குணம் அன்று, ஓட்டம் நின்றுபோனதுதான். எனக்குத் தெரிந்து இத்தனை மலிவாக இவ்வளவு சொல்லித்தரும் சோதனை வேறு இல்லை. கொதிக்கும் நீரில் சாயம் விட்டுக் காட்டுவதைவிட இதில் பாதுகாப்பும் அதிகம், தெளிவும் அதிகம்.

பெருங்கடலிலும் இதே கணக்குதான். நம் வெப்பமண்டலக் கடல்களில் வெயில் மேலிருந்து சுடுகிறது. சூடான இலேசான நீர் ஏற்கெனவே மேலே இருக்கிறது, எனவே புரட்டம் இல்லை. மேற்பரப்பு நீர் கனத்து ஆழத்துக்கு விழுவது கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும்தான். அங்கே குளிரும் உப்பும் ஒன்று சேர்கின்றன. அப்படி மூழ்கிய நீர் ஆழ்கடல் வழியாகச் சுற்றி மீண்டும் மேலே வர நூற்றாண்டுகள், சில பாதைகளில் ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

மூன்றாம் படி: அடுப்படியையும் கூரையையும் கவனியுங்கள்

ரசம் அடிப்பிடிப்பதில்லை, பருப்பு அடிப்பிடிக்கிறது. ஏன்? ரசம் தண்ணீராக இருப்பதால் அடியில் சூடானது உடனே மேலேறி, மேலே ஆறியது கீழே வந்துவிடும். வெந்து குழைந்த பருப்பும் அப்படி ஓடத்தான் வேண்டும், ஆனால் அதன் பிசுக்குத்தன்மை விடுவதில்லை. அடியில் இருக்கும் அடுக்கு அங்கேயே நின்று கருகும். நாம் கரண்டி போட்டுக் கிளறுவது, ஓட்டம் செய்ய வேண்டிய வேலையை நம் கையால் செய்வது. மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியின் கனம் இங்கேதான் தெரிகிறது: அடர்த்தி வேறுபாடு இருந்தாலும் பொருள் இளகாவிட்டால் எதுவும் நகராது. பாறைக்குப் போகும்போது இது மீண்டும் வரும்.

அப்புறம் தாமான் குடியிருப்புகளில் பல வீட்டுக் கூரைகளில் இருக்கும் சூரிய வெந்நீர்க் கருவியைப் பாருங்கள். உருளைத் தொட்டி எப்போதும் கண்ணாடித் தகட்டுக்கு மேல்பக்கம் படுத்திருக்கும். தகட்டில் சூடான 60 டிகிரி நீர் 983 கிலோ. தொட்டியின் அடியில் இருக்கும் 28 டிகிரி நீர் 996. கனமானது குழாய் வழியே தகட்டின் கீழ்முனைக்கு இறங்க, சூடானது தொட்டிக்கு ஏறுகிறது. பம்ப்பும் மின்சாரமும் இல்லாமலே சுற்றுகிறது. தொட்டியைக் கீழே வைத்தால் பகலில் நீர் சுற்றாது. இரவில் தகடு குளிர்ந்ததும் ஓட்டம் திரும்பி, சேர்த்து வைத்த சூட்டையும் வெளியே கொடுத்துவிடும்.

நான்காம் படி: வீட்டுக்குள் காற்றைத் தேடுங்கள்

காற்றுக்கு எடை இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போடட்டும். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள படுக்கையறைக்குள் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதன் நிறை 40 கிலோவுக்கு மேல். ஏர்கோனைச் சுவரின் மேல்பக்கம் பொருத்துவது, குளிர்ந்த காற்று தானாகக் கீழே விழட்டும் என்பதற்காக. ஐஸ்பெட்டியைத் திறந்து கொஞ்சம் நின்றால் முதலில் குளிர்வது பாதம். மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டியை மேல்பக்கமாகத் திறக்கும்படி செய்திருப்பார்கள். மூடியைத் திறந்தாலும் குளிர்ந்த காற்று குளம்போல் உள்ளேயே கிடக்கும்.

ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது இலேசானது. நீராவியின் மூலக்கூறு நிறை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. நீராவி நுழையும்போது கனமான மூலக்கூறுகள் இடம்விட்டுப் போகின்றன. 30 டிகிரியில் ஈரம் நிறைவுற்ற காற்று, சுமார் 35 டிகிரி உலர்ந்த காற்றின் அளவுக்கு இலேசாக இருக்கும். நம் வானிலையில் இந்த 5 டிகிரி பெரிய வேலை செய்கிறது.

ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் பழைய கடைவீடுகளின் நடுவில் மேலே திறந்த முற்றம் இருப்பதைப் பார்க்கலாம். வெளிச்சத்துக்காகவும் மழைநீருக்காகவும் மட்டும் வைத்ததில்லை அது. உள்ளே இருக்கும் காற்று வெளியே உள்ளதைவிடச் சூடாக இருக்கும் நேரங்களில் முற்றம் புகைபோக்கி போல வேலை செய்யும். 8 மீட்டர் உயரமும் 3 டிகிரி வேறுபாடும் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 1 பாஸ்கலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது 0.1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்கூட இல்லை. ஆனால் காற்று இலேசானது என்பதால், உராய்வை ஒதுக்கிவிட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் வேகம் வரும். வெளியே காற்றே வீசாத நாளில் கதவருகே மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு கீற்றைப் பிடித்துப் பாருங்கள். அது உள்பக்கம் சாய்ந்தால் முற்றம் இழுக்கிறது. பகலில் வீட்டுக்குள் குளிர்ச்சியாகவும் வெளியே சூடாகவும் இருந்தால் தாள் வெளிப்பக்கம் சாயலாம். அப்போது கனமான உள்காற்று கீழே வழிந்து வெளியேறுகிறது.

ஐந்தாம் படி: கொடிமலையை வைத்து வானத்தைப் படியுங்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி நிற்பார்கள். சூடான காற்று மேலேறும் என்றால் மலை உச்சி ஏன் குளிர்கிறது?

மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. ஏறும் காற்று விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளித்தான் இடம் பிடிக்க வேண்டும், அந்தத் தள்ளலுக்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுக்கிறது. மேகமாகாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9.8 டிகிரி குளிரும். வளிமண்டலத்தின் சராசரிக் குறைவு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. கொடிமலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர், எனவே அடிவாரத்தைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ச்சி.

ஆகவே ஏறும் காற்றைத் தரையில் இருந்த சூட்டோடு ஒப்பிடக் கூடாது. அதே உயரத்தில் பக்கத்தில் இருக்கும் காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். 9.8 டிகிரி வீதம் குளிரும் காற்று, 6.5 வீதம் குளிர்ந்திருக்கும் சுற்றுப்புறத்தில் சீக்கிரமே பக்கத்துக் காற்றைவிடக் கனத்துப்போய் நின்றுவிடும். ஈரம் மட்டும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஈரம் இருக்கிறது. குளிர்ந்து குளிர்ந்து ஒரு உயரத்தில் நீராவி துளியாகிறது, மேகத்தின் அடிமட்டம் பிறக்கிறது. ஒவ்வொரு கிலோ நீராவியும் துளியாகும்போது சுமார் 2500 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் கிடைப்பதால் காற்று கிலோமீட்டருக்கு 4, 5 டிகிரிதான் குளிரும். இப்போது சுற்றுப்புறத்தைவிட அது சூடு, அதனால் இலேசு. தடை இல்லாவிட்டால் 15 கிலோமீட்டருக்கு மேலும் போகும்.

நீங்களே கணக்கிடலாம். கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்து வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் (காற்றில் உள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் மீட்டரில் கிடைக்கும். மதியம் 32, பனிப்புள்ளி 24 என்றால் 1000 மீட்டர். மேகம் கொடிமலைக்கு மேலே நிற்கும். அதிகாலையில் 26, 24 என்றால் 250 மீட்டர். மலையின் பாதி உடம்பு மூட்டத்துக்குள். ஆயர் ஈத்தாமிலிருந்து காலையில் உச்சி தெரியாமல் இருந்து, பத்து மணிக்கு மேல் மெல்லத் தெரிய வருவதற்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். சில நாள் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று பலவீனமாக இருக்கும். அப்போது தரைச் சூடும் கடற்காற்றும் மலைச்சரிவும் சேர்ந்து மாலையில் இடிமழை தருகின்றன. கோலாலம்பூரிலும் இதேதான், அங்கே சரிவு தித்திவங்சா மலைத்தொடருடையது. மழைக்குச் சில நிமிடம் முன்னால் சட்டென்று ஒரு குளிர்ந்த காற்று அடிக்குமே, அது மேகத்துக்குள் துளிகள் ஆவியாகிக் குளிர்வித்த காற்று. கனத்துப்போய் நெடுங்குத்தாக விழுந்து தரையில் மோதிப் பரவுகிறது. அந்தக் காற்று வந்ததும் துணி எடுக்க ஓடும் நம் அம்மாக்களின் கணிப்பு சரியான இயற்பியல்.

புகைமூட்ட நாட்களில் காலையிலும் இரவிலும் நாற்றம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் இதுவே. இரவில் தரை குளிர்ந்து, கனமான காற்று கீழேயே படிந்துவிடுகிறது. வெயில் ஏறித் தரை சுட்டால்தான் அந்த அடுக்கு புரண்டு கலையும்.

ஆறாம் படி: பாறைக்கு நேரம் கொடுங்கள்

பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் குழம்பு இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மேலோட்டுக்கு அடியில் 2900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள கவசம் அநேகமாக முழுவதும் திடப் பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் அதற்குள் பயணம் செய்வதே சான்று, திரவத்துக்குள் அவை போகாது. ஆனால் அந்தத் திடப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நெகிழ்ந்து ஓடும்.

மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்ப்போம். பாறை 1000 டிகிரி சூடேறினால் சுமார் 3 சதவீதம் இலேசாகும். நம் காற்றுக்கு 9 டிகிரியில் கிடைத்த அதே 3 சதவீதம். பூமி அடியில் சூடு, மேலே குளிர், எனவே கனமானது மேலே. பிசுக்குத்தன்மைதான் மலைக்க வைக்கும்: நீரைவிட 1 போட்டு 24 சுழியம் சேர்த்த மடங்கு அதிகம். குழைந்த பருப்பே ஓடாதபோது இது எப்படி ஓடும்?

விடையை 1916இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலி பிரபு ஓர் எண்ணாகக் கணித்துக் கொடுத்தார். அடர்த்தி வேறுபாடு தரும் உந்தலைப் பிசுக்குத்தன்மையோடும் வெப்பம் கசிந்து பரவும் வேகத்தோடும் ஒப்பிடும் எண் அது, இப்போது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மேலும் கீழும் தட்டால் அடைத்த அடுக்கில் அந்த எண் சுமார் 1700ஐத் தாண்டினால் ஓட்டம் தொடங்கும். அதில் அடுக்கின் ஆழம் மும்மடியாக வருகிறது. ஆழம் பத்து மடங்கானால் எண் ஆயிரம் மடங்காகும்.

10 சென்டிமீட்டர் தண்ணீர், மேலும் கீழும் 10 டிகிரி வேறுபாடு என்றால் எண் ஏறக்குறைய 25 கோடி. அதே நீர் 1 மில்லிமீட்டர் படலமாக இருந்தால் 250, ஓட்டமே வராது. 2900 கிலோமீட்டர் கவசத்துக்கு, அத்தனை பிசுக்குத்தன்மையோடும், கோடிகளில்தான் வரும். ஆழம் மற்ற எல்லாத் தடையையும் வென்றுவிடுகிறது. மாறாக, ஓட்டமே இல்லாமல் வெப்பம் பாறை வழியே கடத்தப்பட்டு மட்டும் வெளியேற வேண்டுமென்றால் 27,000 கோடி ஆண்டு அளவில் ஆகும். பூமியின் வயதோ 454 கோடி.

கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்ஃபிரட் வெகெனர் 1912இல் சொன்னபோது எது நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. பாறையின் வெப்பச்சலனம் என்று புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் 1920களின் இறுதியில் முன்வைத்தார். இன்று நாம் அறிந்தவரை, கண்டங்களையும் கடல்தரையையும் தாங்கி நகரும் பெரும் பாறைத் தட்டுகளை இழுப்பதில் பெரும்பங்கு, குளிர்ந்து கனத்த கடல்தரை தன் எடையிலேயே கீழே மூழ்குவதற்குத்தான். நீல இழை குவளைக்குள் இறங்கியதே, அதே வேலை.

நமக்கு மேற்கே, சுமத்திராவுக்கு அந்தப் பக்கம், கடல்தரை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வீதம் நம் சுண்டா தட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. சீராகப் போனால் தொல்லையில்லை. பாறை ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக்கணக்கில் இறுகி, பிறகு விடுபடும். 2004 டிசம்பர் 26 காலை, மலேசிய நேரம் 9 மணி அளவில் 9.1 அளவிலான நிலநடுக்கத்தில் 1200 கிலோமீட்டருக்கு மேல் பிளவு ஓடியது. மதியத்துக்குப் பிறகு அலை பினாங்கைத் தொட்டது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் இங்கே இறந்தவர்கள்.

பத்து ஃபெரிங்கியின் கருங்கல்லையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட இலேசாக இருந்ததால் மேலேறி, பாதி வழியில் இறுகியது. 2650 கிலோ உள்ள அது 3300 கிலோ கவசத்தில் மூழ்காது. உலகப் பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டைத் தாண்டிய பகுதி அநேகமாக இல்லை, பழையதெல்லாம் மூழ்கிவிட்டது. கண்டப் பாறை மட்டும் தங்குகிறது.

ஏழாம் படி: மூன்றும் கலந்த ஓர் இடத்துக்குப் போங்கள்

பள்ளி விடுமுறையில் கெடாவின் பாலிங் பக்கம் உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஊற்றுகளில் பெரும்பாலானவை கருங்கல் பாறையை ஒட்டியே இருக்கின்றன. ஆழம் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வீதம் சூடு கூடுகிறது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே 2 கிலோமீட்டர் இறங்கினால் 80 டிகிரியை நெருங்கிவிடும். அப்போது அதன் அடர்த்தி 972 கிலோ. வேறு வெடிப்பில் குளிர்ந்த நீர் 996 கிலோவோடு இறங்கிக்கொண்டிருக்கும், மலையில் பெய்த மழையின் உயரமும் அதைத் தள்ளும். சூடான நீர் மேலேறி, வழியில் கொஞ்சம் ஆறி, குளத்துக்குள் வருகிறது. அங்கிருந்து ஆவி காற்றில் ஏறுகிறது. காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் ஆவி நன்றாகத் தெரியும். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளையும் கொடுத்துவிட்டு, பாறை, நீர், காற்று ஒவ்வொன்றுக்கும் விடையை அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிடுங்கள்.